ஏரிக்கரையில் ஓர் ஆள்மாறாட்டம்

ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னதும் பழைய தலைமுறையினருக்கு உடையவர் ஞாபகம் வரும். 1017-ஆம் ஆண்டில் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் அல்லவா? நடுவயதினருக்கு 1991-ஆம் வருஷத்து மே மாதத்தின் அந்தப் பயங்கர இரவு ஞாபகம் வரும். இன்றைய வாலிபர்களைக் கேட்டாலோ, மோட்டார்த் தொழிற்சாலை என்று சொல்லிவிட்டு, அங்கே வேலை காலி இருக்கிறதா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். மகான், ராஜீவ் காந்தி, மோட்டார் ஆகிய மூன்றைப் பற்றியும் எழுதுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நாங்கள் எழுதப் புகுந்தது அவ்வூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஏரிகளைப் பற்றி. அதிலும், அந்த ஏரிகளிலே அனுமதி கேளாமல் குடியேறியிருக்கும் ஒரு புஷ்பச் செடியைப் பற்றி.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்கள் மூன்று பேரும் மாணவர்கள் பதினொரு பேருமாக நாங்கள் பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் போகும்போது இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய்த் தொழிற்சாலையின் நீண்ட மதில் வருகிறது. 1996-இல் அஸ்திவாரம் போட்டு 1998-இல் முதல் காரை வெளியே விட்டார்கள். அதைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில், 2006-இல் நோக்கியா கம்பெனியார் டெலிபோன் செய்யத் தொடங்கினார்கள். 2014-இல் கதவை மூடினார்கள். எட்டு வருஷ வாழ்வு! ஊரிலிருந்து தெற்கே திரும்பி, சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் சென்றால் வல்லம் வடகால், அதன் பிறகு ஒரகடம். 2010-இல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து ஒரு தொழிற்சாலை, 2012-இல் டெய்ம்லர் லாரிகள், 2013-இல் ராயல் என்பீல்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் ஜன்மமெடுத்த மோட்டார் சைக்கிள் இன்று நமது ஒரகடத்தில் பிறந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறது. இதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்களும் கொஞ்சம் தட்டினோம்.

ஆனால் பஸ்ஸின் ஜன்னல் வழியாகச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், மதிலுக்கும் மதிலுக்கும் நடுவில் பழைய பூமி தலைகாட்டுகிறது. இது ஏரிகளின் சீமை. செங்கற்பட்டு ஜில்லாவுக்கு 'ஏரி ஜில்லா' என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. இப்போது காஞ்சிபுரம் ஜில்லா, செங்கற்பட்டு ஜில்லா என்று இரண்டாகப் பிரித்திருந்தாலும் ஏரிகள் தாலுக்கா எல்லையைப் பார்த்துத் தண்ணீர் விடுவதில்லை. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு. அது நிரம்பினால் அதற்கு அடுத்ததற்கு. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, நேமம் ஏரி இவற்றின் மிகுதி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போய்ச் சேருகிறது. செம்பரம்பாக்கம் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உள்ள பெரிய ஏரி. சென்னைப் பட்டணத்துக்கு அது குடிதண்ணீர் கொடுக்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவில் அதிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் அடையாற்றில் வந்து என்ன செய்தது என்பதைப் பட்டணவாசிகளுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் புதர் மண்டினால் அது அந்தக் கிராமத்தாரின் சொந்த விஷயம் என்று சென்னையில் உள்ளவர்கள் சும்மா இருந்துவிட முடியாது.

ஒரகடம் போகும் வழியில் ஓர் ஏரிக்கரையில் இறங்கினோம். ஏரியின் பெயர் வேண்டாம். அங்கே கண்டதை அந்தச் சாலையில் வேறு பல ஏரிகளிலும் காணலாம். உள்வாயில் பாதிக்குமேல் தண்ணீர் வற்றியிருந்தது. வற்றிய இடம் முழுவதும், கண்ணுக்கெட்டிய தூரம், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள்! புனல் போன்ற வடிவம்; நடுவில் கருஞ்சிவப்புத் தொண்டை; காலைக் காற்றில் அசைந்தாடின. பிள்ளைகளில் ஒருவன், "சார், இது பார்க்கா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. பூங்காவுக்கென்று கொண்டுவரப்பட்ட செடிதான் அது.

ஊரில் அதற்குப் பெயர் 'நெய்வேலிக் காட்டாமணக்கு'. 1957-இல் நிலக்கரிச் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நெய்வேலிதான் ஜனங்கள் அறிந்த நெய்வேலி. அந்தப் பக்கத்திலிருந்து பரவிய செடி என்று பெயரே சொல்லிக் காட்டுகிறது. உண்மையில் அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்கள். 1760-ஆம் ஆண்டில் ஜாக்கின் என்ற தாவர சாஸ்திரி அதற்கு 'ஐப்போமியா கார்னியா' என்று பெயரிட்டார். கார்னியா என்றால் லத்தீன் பாஷையில் மாமிச நிறம் என்று அர்த்தம். நம் ஏரிகளில் உள்ள வகைக்கு மேலும் 'பிஸ்டுலோஸா' என்று ஒரு பட்டம் உண்டு. குழாய்போல் உள்ளே வெற்றிடமாய் இருப்பது என்று பொருள். பூ அழகாயிருக்கிறதே என்று தோட்டத்திலும், சீக்கிரம் வளர்கிறதே என்று வேலியிலும், தழை நிறைய இருக்கிறதே என்று வயலுக்கு உரமாகவும் கொண்டுவந்தார்கள். வந்தது, வேலியைத் தாண்டியது, வாய்க்காலில் இறங்கியது, ஏரியைப் பிடித்துக்கொண்டது. உண்ணிச்செடியும் வெங்காயத் தாமரையும் இப்படித்தான் அலங்காரமாக வந்து அதிகாரம் செய்யத் தொடங்கின.

இதில் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது செடியைவிட அதன் பெயர்தான். காட்டாமணக்கு என்று ஒரு செடி நம் நாட்டில் முன்பே இருக்கிறது. நாட்டு வைத்தியரும் அறிவார், வேலி கட்டுகிறவரும் அறிவார். ஆமணக்கு என்பது வேறு. ஆதாளை என்பது வேறு. இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தார். புதிதாக வந்தவனோ அந்தக் குடும்பத்தில் ஒருவனே அல்லன். வேற்றூர் ஆள் ஒருவன் நம் தெருவில் ஒரு கௌரவமான குடும்பத்தின் பெயரை வைத்துக்கொண்டு வீடு பிடித்த கதை இது.

பின்னே, அவன் யார் குடும்பம்? இதற்குப் பதில் வங்காளிகளின் பாஷையில் இருக்கிறது. அவர்கள் இச்செடியை 'டோல் கல்மி' என்கிறார்கள். கல்மி என்பது நமது வள்ளைக்கீரை. ஆம், குளத்து நீரில் கொடியாய் மிதக்கும் அதே வள்ளை. பழைய புலவர்கள் பெண்களின் காதுக்கு உவமை சொன்ன அதே வள்ளை. வங்காளத்துக் குடியானவர் பூவைப் பார்த்து உறவைச் சொல்லிவிட்டார். நாம் தழையைப் பார்த்தோமோ வேலியைப் பார்த்தோமோ, ஆமணக்கு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். ஹிந்திக்காரர்கள் குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படாமல் குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: 'பேஹயா', 'பேஷரம்'. அதாவது வெட்கங்கெட்டது. வெட்ட வெட்டத் தழைப்பதை வேறு எப்படிச் சொல்வது?

வள்ளையின் வீட்டில் மற்றவர்களையும் சொல்லிவிடுகிறோம். கடற்கரை மணலில் படர்ந்து, ஆட்டுக் குளம்பைப் போல் இரண்டாய்ப் பிளந்த இலையோடு பூக்கும் அடம்பு இவர்களில் ஒன்று; மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைக்கும் உபகாரி. பொங்கலன்று நம் வீட்டுப் பானையில் வேகும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டு உறவினரில் ஒருவர் சமையலறைக்குப் போனார். மற்றவர் ஏரிக்குப் போனார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியும் கேட்டாள். அதற்கு ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, தான் பதில் சொல்லுகிறோம் என்று தெரியாமலே பதில் சொன்னாள்.

"ஆயா, ஆடு இந்தச் செடியைத் தின்னுமா?" என்று கேட்டோம்.

"காட்டாமணக்கை ஆடு தின்னுமா, வாத்தியாரே? மோந்துகூடப் பார்க்காது. ஆனா இந்த நெய்வேலிக்காரனைத் தின்னுது. போன கோடையிலே புல்லு பூண்டு ஒண்ணும் இல்லே. பச்சையா நின்னது இது ஒண்ணுதான். ஒரு தபா வாய் வெச்சிதுங்க. அப்புறம் அதையே தேடிக்கினு போவ ஆரம்பிச்சிதுங்க."

"பிறகு?"

"தலை ஆடிச்சு. காலு பின்னிச்சு. எழுந்தா நிக்க முடியலே. ரெண்டு குட்டி போயிடிச்சு. மாட்டு டாக்டரு, என்ன தின்னுதுன்னு கேட்டாரு. காட்டாமணக்குன்னேன். அவரு அதுக்கு உண்டான மருந்தைக் குடுத்தாரு."

நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. டாக்டரைக் குறை சொல்ல முடியாது. கிழவியையும் குறை சொல்ல முடியாது. காட்டாமணக்கின் விஷம் வயிற்றைப் பிடுங்கும், வாந்தி, பேதி. இந்தச் செடியின் விஷமோ நரம்பில் வேலை செய்கிறது. இதற்குள் 'ஸ்வேன்ஸனைன்' என்ற நஞ்சு இருக்கிறது. 1979-இல் ஆஸ்திரேலியாவில் ஆடுமாடுகளைப் பித்தாக்கும் ஒரு பயறு ஜாதிச் செடியில் அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு நம்முடைய இந்த ஏரிச் செடியிலும் அது இருப்பதாகத் தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த நஞ்சைச் செய்வது செடி அல்ல. செடியின் உடம்பிலேயே குடியிருக்கும் ஒரு பூஞ்சைக் காளான். நஞ்சு உடம்பில் சேர்ந்ததும், உயிரணுக்களுக்குள் சர்க்கரைச் சத்துப் பொருள்களை உடைத்துச் சுத்தம் செய்கிற ஒரு நொதி வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. குப்பை அள்ளாத தெருவைப்போல அணுக்கள் அடைபட்டுப் போகின்றன. மூளையில் அடைபட்டால் தலை ஆடும், கால் தள்ளாடும். பிரேஸில் தேசத்து ஆடுகளுக்கும் ஆப்பிரிக்காவில் மொஸாம்பிக் தேசத்து ஆடுகளுக்கும் இதே கதி நேர்ந்ததை மிருக வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ருசி கண்ட ஆடு மறுபடியும் அதையே நாடும் என்று கிழவி சொன்னதையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அந்த மேய்ச்சலை நிறுத்தினால் ஆடு தேறிக்கொள்ளலாம். முற்றிவிட்டால் மருந்து இல்லை. ஆகவே, "என்ன தின்றது?" என்ற கேள்விக்குச் சரியான பெயரைச் சொல்லுவதுதான் இங்கே பாதி வைத்தியம்.

இனி, இவர்களை எப்படி அடையாளம் காண்பது? பிள்ளைகளைப் பல திக்கிலும் அனுப்பி, ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையைக் கொண்டுவரச் சொன்னோம். சற்று நேரத்தில் கரைமேல் ஒரு சிறு கண்காட்சியே சேர்ந்துவிட்டது.

முதலில் இலை. நெய்வேலிக்காரனின் இலை இதய வடிவம். காம்பிலிருந்து கூரிய நுனிவரை ஏறக்குறைய ஒரு சாண். ஓரத்தில் வெட்டோ மடலோ கிடையாது. பூவரச இலையை நுனியைப் பிடித்து இழுத்து நீட்டினாற்போல் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால், தூரத்திலிருந்து பார்த்துப் பூவரசங்கன்று என்று சிலர் நினைப்பது ஏன் என்று விளங்கும். ஆனால் பூவரசு மஞ்சளாகப் பூக்கும்; அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம். (எங்கள் பிள்ளைகள் உடனே ஊதினார்கள். அடுத்த கால் மணி நேரம் பாடம் நடக்கவில்லை.) அசல் காட்டாமணக்கின் இலை அகலமானது, மூன்று அல்லது ஐந்து மேலோட்டமான மடல்கள் இருக்கும். ஆமணக்கின் இலையோ விரித்த கை போன்றது; ஏழு, எட்டு விரல்கள், ஓரமெல்லாம் ரம்பப் பல். அதன் காம்பு இலையின் ஓரத்தில் சேராமல், குடைக்குக் கைப்பிடிபோல அடிப்புறத்தின் நடுவில் வந்து சேரும். இதை ஒருமுறை பார்த்துவிட்டவர் ஆமணக்கை மறுபடி வேறெதனோடும் குழப்பமாட்டார். ஆதாளை சிறியது, தளிர் கருஞ்சிவப்பு, இலைக்காம்பில் பிசுபிசுக்கும் மயிர்.

பிறகு பால். இதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பரீட்சை. காட்டாமணக்கின் இலைக்காம்பை ஒடித்து, வருகிற சாற்றின்மேல் மெல்ல ஊதினால் சோப்புக் குமிழிபோல் வர்ணக் குமிழிகள் பறக்கும். கிராமத்தில் வளர்ந்தவர்களில் இதைச் செய்யாதவர் யார்? நெய்வேலிக்காரனை ஒடித்தால் வெள்ளை வெளேரென்று பால் வடிகிறது. எங்கள் பையன்கள் எவ்வளவு ஊதியும் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆமணக்கில் பாலே இல்லை. சாறு பட்ட கையைக் கழுவாமல் கண்ணிலும் வாயிலும் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒவ்வொருவராகக் கழுவச் செய்தோம். இதைப் படித்துவிட்டு வீட்டில் சோதிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோர் அதையே சொல்ல வேண்டும்.

பூவும் காயும் இருந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. காட்டாமணக்கின் பூ மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியதாயிருக்கும். அதன் காய் கொட்டைப்பாக்கு அளவு. உள்ளே கறுத்த விதைகள். அந்த விதை தித்திப்பாக இருப்பதால்தான் ஆபத்து. விளையாட்டாகத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தைகள் அநேகர். ஆமணக்கின் காய்க்கு முள் உண்டு. உள்ளே புள்ளி போட்ட விதை. எண்ணெய் மருந்து, விதையோ கொடிய விஷம். நெய்வேலிக்காரனின் காய்க்குள் இருக்கும் விதைக்குப் பட்டுப்போன்ற பழுப்பு மயிர் போர்த்தியிருக்கிறது. காற்றுக்கும் தண்ணீருக்கும் தக்கபடி கம்பளி உடுத்திக்கொண்டு பிரயாணத்துக்குத் தயாராக இருக்கிற விதை!

காட்டாமணக்குக்கு ஒரு காலத்தில் நல்ல யோகம் அடித்தது. 2003-இல் திட்டக் கமிஷனின் குழு ஒன்று அதன் எண்ணெயிலிருந்து மோட்டார் எரிபொருள் எடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டிலும் தரிசு நிலங்களில் கன்று நட்டார்கள். எதிர்பார்த்த மகசூல் கிடைக்கவில்லை, ஆசை தணிந்தது. பெயரைக் கேட்டுவிட்டு ஏரியில் கிடக்கும் செடியிலிருந்தும் டீசல் வரும் என்று சொல்லும் ஒரு பெரியவரை அன்று சந்தித்தோம். ஆள்மாறாட்டம் எவ்வளவு தூரம் போகிறது, பாருங்கள்.

மிக நுட்பமாகப் பிரித்தறிய வேண்டியது வள்ளைக்கீரையை. ஏனெனில் இங்கே ஒற்றுமை போலியல்ல. உண்மையான இரத்த சம்பந்தம். இரண்டுக்கும் தண்டில் துளை. இரண்டுக்கும் புனல் பூ. இரண்டும் ஏரியின் ஈரத்தில் வாழ்வன. ஆனால் வள்ளை படுத்தே கிடக்கும் கொடி. தண்ணீர்மேல் மிதந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டு போகும். இலை சிறியது, அம்பு முனைபோல் ஒடுங்கியது. பூவும் சிறிது, வெளிறியது. மற்றது நிமிர்ந்து நிற்கும் புதர். எட்டு அடி, பத்து அடி எழும்பும். அடித்தண்டு விறகாக முற்றிவிடும். ஒன்று மனிதன் சமைத்துத் தின்னும் கீரை. மற்றது ஆட்டைக் கொல்லும் தழை. நிமிர்ந்தது எது, கிடந்தது எது என்று பார்த்தாலே போதும். என்றாலும் நீரோரத்தில் இளங்கன்றாக இருக்கும்போது ஏமாறாமல் இருக்கவேண்டும். இலையின் அளவையும் பாலின் வெண்மையையும் பார்த்து நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு வித்தியாசம் அறிய வேண்டிய அவசியத்தை அதே ஏரியின் மறுகரையில் கண்டோம். முன்பு எப்போதோ ஏரியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். உழைத்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. செடிகளை முழங்கால் உயரத்தில் அரிவாளால் வெட்டி, தண்டுகளை வாரிக் கரையின் அடியில், நீர் தொடும் இடத்தில் குவித்திருக்கிறார்கள். அசல் காட்டாமணக்கானாலும் இப்படிப் போட்டால் சில துளிர்க்கும். ஆனால் வள்ளையின் உறவுக்காரனை அப்படிப் போடலாமா? கணுவுக்குக் கணு வேர்விடுவது அந்தக் குலத்தின் வித்தை. வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடி. குவியல் இருந்த இடத்தில் இப்போது நூறடி நீளத்துக்கு ஒரு பூவேலி நிற்கிறது! வெட்டாமல் விட்ட அடிக்கட்டைகளும் தழைத்துவிட்டன. வள்ளைக்கீரை இருந்த ஓரத்தை மட்டும் வேரோடு வழித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். கீரை பறிக்க வரும் பெண்கள் அதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள். குற்றவாளி தப்பிவிட, அவனுடைய ஏழை உறவினன் தண்டனை அடைந்தான்.

தப்பிய குற்றவாளி செய்யும் காரியம் என்ன? மதகின் வாயில் நிற்கிறான். வரத்துக் கால்வாயில் நிற்கிறான். போக்குக் கால்வாயில் வேலி போட்டாற்போல் நிற்கிறான். மழைத் தண்ணீரோடு வரும் வண்டலும் பிளாஸ்டிக் பையும் அவன் காலில் சிக்கி மேடாகின்றன. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு இச்செடி காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். மழையும் மனிதரும் செய்ததைச் செடியின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் அகலக் கட்டிய கால்வாய் குறுகிப்போனால் தண்ணீர் வேறு வழி தேடும் என்பதற்குச் சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளிகள் தங்கக்கூடிய விடுதி ஒன்று திறந்தார்கள். பழைய காலத்தில் அது ஒரு நகரத்தின் ஜனத்தொகை. இவ்வளவு பேர் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் வேண்டியிருக்கும் பூமியில், ஏரியின் உள்வாயைச் செடிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது எந்தக் கணக்கில் சேரும்?

இதே காஞ்சிபுரம் ஜில்லாவில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனுடைய 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அந்த ஓலைகளைப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபைகளில் 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒன்று இருந்ததை மட்டும் படித்தவுடன் மறந்துவிடுகிறோம். பிற்காலத்தில் குடிமராமத்து என்று வழங்கியதும் ஊரார் ஏரியைத் தாமே காக்கும் ஏற்பாடுதான். 2017-இல் சர்க்கார் அந்தப் பெயரை மறுபடி எடுத்து, ஏரி வேலைகளைத் தொடங்கினார்கள். பெயரை எடுத்தது நல்லது. ஆனால் பராந்தகன் காலத்து ஏரி வாரியத்தாருக்கு இந்த அமெரிக்க விருந்தாளியைத் தெரியாது. இன்றைய வாரியத்தாருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆத்திரமும் கூடாது. 1980-களின் இறுதியில் வங்காள தேசத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. டோல் கல்மிச் செடியில் இருக்கும் ஒரு பூச்சி தொட்டால் மனிதன் செத்துவிடுவான் என்று வதந்தி கிளம்பியது. ஊர் ஊராக ஜனங்கள் செடியை வெட்டி எரித்தார்கள். கடைசியில் தொலைக்காட்சியில் அந்தப் பூச்சியைக் கையில் எடுத்துத் தேய்த்துக் காட்டிப் பயத்தைத் தெளிவிக்க வேண்டியிருந்தது. செடியோ இன்றும் அங்கே சௌக்கியமாக இருக்கிறது. பயத்தினால் வெட்டியவர்கள் வேரைப் பற்றி யோசிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளும் ஓர் இலையின்மேல் ஆமை ஓடு கவிழ்த்தாற்போன்ற பளபளக்கும் வண்டு ஒன்றைக் கண்டு பயந்தார்கள். பாவம், அது இந்த இலையைத் தின்று பிழைக்கும் ஆமைவண்டு. ஏரியில் அவனுக்கு இருக்கும் சில எதிரிகளில் ஒன்று.

ஒரகடத்தில் இறங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கிழக்கே சற்றுத் தூரத்தில் மணிமங்கலம். பல்லவரும் சாளுக்கியரும் ஏழாம் நூற்றாண்டில் மோதிய களம். மேற்கே வல்லக்கோட்டை முருகன் கோயில். நடுவில் நாற்சந்தியில் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. தேநீர்க் கடைக்காரரின் பின்கொல்லையில், கம்பி வேலிக்குப் பதிலாக, நாங்கள் காலையிலிருந்து பார்த்துவந்த அதே இளஞ்சிவப்புப் பூக்கள்! "ஏரியிலிருந்து நாலு குச்சி ஒடிச்சிக்கினு வந்து நட்டேன், சார். தண்ணிகூட ஊத்தலே, தானா வந்துடுச்சு" என்றார் பெருமையோடு. கொல்லையை ஒட்டி ஒரு சாக்கடை. அது போய்ச் சேரும் இடம் கால்வாய். ஆடு வளர்க்கிறாரா என்று கேட்டோம். மூன்று இருக்கின்றன என்றார். கிழவியின் இரண்டு குட்டிகளின் கதையைச் சொன்னோம். அவர் முகம் மாறியது. "அப்போ காட்டாமணக்கு வேற, இது வேறயா?" என்று கேட்டார். காம்பை ஒடித்துக் காட்டினோம்.

எப்படி ஒழிப்பது என்பதை அவருக்குச் சொன்னபடியே இங்கும் எழுதிவிடுகிறோம். வெட்டக் கூடாது, தோண்ட வேண்டும். ஏரி வற்றியிருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில், காய் முற்றி வெடிப்பதற்கு முன்னால், அடிக்கட்டையும் வேரும் வெளியே வரும்படி கடப்பாரையால் பெயர்க்க வேண்டும். பெயர்த்ததைக் கரையடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ போடாமல், மேட்டுப்பாங்கான காய்ந்த இடத்தில், வேர் வானத்தைப் பார்க்கும்படி பரப்ப வேண்டும். தண்டு ஒடித்தால் 'படக்'கென்று முறியும் வரையில் காய விட வேண்டும். பிறகு அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். பச்சையாக ஒரு துண்டும் தண்ணீரில் விழக் கூடாது. ஆடி, ஆவணி மழையில் மண்ணிலிருந்து இதய வடிவ இளந்தளிர் எங்கெங்கே தலைகாட்டுகிறதோ அங்கெல்லாம் மறுபடி பிடுங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு முறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிந்திருந்தால் இந்த இளந்தளிரைக் கண்டுபிடித்துக் காட்டுவதற்கு அவர்களைப்போல் கூர்மையான கண்கள் வேறில்லை. வள்ளைக் கொடியை மட்டும் விட்டுவிடச் சொல்லவேண்டும்.

தேநீர்க் கடைக்காரர் கடப்பாரை தம்மிடம் இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவதாகச் சொன்னார்.